தூம்பாப் பலகை

தண்ணீர் கேட்டால் கொடுக்கலாம் என்று டாக்டர் சொன்ன அன்றைக்கே சவரிமேரிக்குத் தெரிந்துபோயிற்று. 'தண்ணி குடுக்காத, தண்ணி குடுக்காத' என்று இரண்டு வருஷமாகத் தலையில் அடித்துக்கொண்ட அதே டாக்டர்தான். சிதம்பரம் பெரியாஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல், "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கம்மா. இனிமே கேக்கறதக் குடுங்க. தண்ணியும் குடுங்க" என்றார். கேட்க வேண்டியது ஒன்றும் பாக்கி இருக்கவில்லை. அவள் சின்னையனின் வேட்டியையும் போர்வையையும் பைக்குள் திணித்துக்கொண்டாள்.

சின்னையனுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டிருந்தது. வெயிலில் நாள் பூரா நின்றவன். நடவு, அறுப்பு, உளுந்து என்று காட்டு வேலை ஒரு பக்கம். ஊரில் யார் செத்தாலும் குழி வெட்டுகிற வேலை மறுபக்கம். கடப்பாரையைத் தூக்கினால் மூன்று ஆள் வேலையை ஒற்றை ஆளாகச் செய்தவன், கடைசியில் கால் வீங்கி, முகம் வீங்கி, டம்ளர் தண்ணீருக்குப் பெண்டாட்டியிடம் கெஞ்சுகிற ஆளாகிப்போனான். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். கட்டின புருஷன் தொண்டையில் அளந்து ஊற்ற வேண்டிய பாவம் எவளுக்கு வரும்? ஒருநாள் ஈரத் துண்டை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தவனைக் கையும் களவுமாகப் பிடித்தாள். திட்டு திட்டென்று திட்டித் துண்டைப் பிடுங்கிக்கொண்டு கொல்லைப்புறம் போய், வாய்விட்டு அழுதாள்.

ஷேர் ஆட்டோவில் கோரைமேட்டுக்கு வரும் வழியில்தான் அவன் கேட்டான். இரண்டு பக்கமும் அறுத்த தாளடியில் உளுந்து காய்த்துக் கருத்து நின்றது.

"மேரி, ஒண்ணு கேப்பேன். சிரிக்கக் கூடாது."

"சிரிக்கிற மாதிரியா இருக்குது நம்ம பொழப்பு? கேளுய்யா."

"என்னெத் தூம்பாவுல வச்சிக் கொண்டுபோவச் சொல்லு."

அவள் சிரிக்கவில்லை.

கோரைமேடு சூசையப்பர் கோயில் பிரெஞ்சு சாமியார்கள் கட்டியது. ஒரே கோயில், ஒரே பூசை. ஊர்த் தெருக்காரர்களும் கீழத்தெருக்காரர்களும் ஒரே சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்குகிறவர்கள். உயிரோடு இருக்கும்வரைக்கும் அப்படி. செத்தால் கதை வேறு. ஊர்ப் பிணம் தூம்பாவில் போகும்: நாலு கைப்பிடியும் மேலே கூண்டும் வைத்த மரப் பல்லக்கு, நடுவில் பெட்டியை வைக்கத் தேக்குப் பலகை. கீழத்தெருப் பிணம் பச்சை மூங்கில் பாடையில் போகும். கல்லறையிலும் நடுவே ஒரு சுவர். கேட்டால், "அது வழக்கம்பா, நாங்களா போட்டோம்?" என்பார்கள். கடவுள் போட்டது பத்துக் கட்டளைதான். மீதியெல்லாம் இவர்கள் போட்ட வழக்கம்.

"உனுக்கு எதுக்குய்யா இப்ப அந்த ஆச?" என்றாள் சவரிமேரி.

"ஆசன்னு இல்ல. குழிக்குள்ள நிப்பேன்ல, பெட்டிய வாங்கி எறக்க? அண்ணாந்து பாத்தா என்னா தெரியும்ன்ற? வானம் தெரியும், அந்தப் பலகயோட அடிப்பக்கம் தெரியும். குழிக்கு ஓரமா தூக்கிப் புடிச்சிருப்பானுங்க. அடியில ஒரு சிலுவ செதுக்கியிருக்குது மேரி. எந்தக் காலத்து ஆசாரி செதுக்குனானோ. ஊரு சனம் மேல் பக்கத்ததான் பாக்கும். அடிப்பக்கத்தப் பாத்தவன் நான் ஒருத்தன்தான். இத்தினி வருசமா நாம அண்ணாந்து பாத்தமே, ஒரு தடவ அதுமேல படுத்துப் பாக்கலாமேன்னு ஒரு இது."

"படுத்துப் பாக்கறவன் எழுந்து வந்து சொல்லவா போறான்?"

"நீ சாமிகிட்ட கேளேன்."

"கேக்கறேன்யா. கேட்டு வாங்கறேன்." வாயிலிருந்து வந்துவிட்டது. வந்த வார்த்தையை எங்கே போய் விழுங்குவது?

ஜேக்கப் சாமி கடலூர்ப் பக்கத்துக்காரர், வயது குறைந்தவர். கீழத்தெருவுக்கு வந்து உட்கார்ந்து காப்பி குடித்த முதல் சாமியார் அவர்தான். நல்ல மனுஷர். ஆனால் பயந்த மனுஷர். நல்ல குணமும் பயமும் ஒரே ஆளுக்குள் இருந்தால் எந்தக் குணம் ஜெயிக்கும் என்று சொல்லவா வேண்டும். சாவுக்கு முந்தின எண்ணெயோடு சின்னையனுக்கு அவஸ்தை பூச வந்தவரை வாசலில் நிறுத்தி சவரிமேரி விஷயத்தைச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நியாயம்தாம்மா நீ கேக்கறது. எனக்குப் புரியுது. ஆனா திருநாள் நேரத்துல இதப் பேசுனா ரெண்டா பிரிஞ்சிடும். சமயம் பாத்துப் பேசலாம். இந்தக் கச்சேரி முடியட்டும்."

கச்சேரி என்றது கோயிலின் இருநூறாவது வருஷத்துக்காக. பாண்டிச்சேரியிலிருந்து இரண்டு பேர் வந்து வெள்ளைக்கார வாத்தியம் வாசிக்கப்போகிறார்கள். இசைக்கு ஊரும் கிடையாது தெருவும் கிடையாது என்று சாமி பிரசங்கத்தில் சொன்னார். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு அவரவர் தெருவுக்குப் போனார்கள்.

சூசையப்பர் திருநாள் முடிந்த மறுநாள் கச்சேரி. காலையில் மரிய ஜோசப் நிலத்தில் உளுந்து பிடுங்கிவிட்டு, கையில் ஒட்டின பச்சைக் கறை போகாமலே சவரிமேரி கோயிலைக் கழுவ வந்தாள். கோயில் கூட்டுவதும் கழுவுவதும் அவள் வேலை. சாவிக்கொத்து அவள் இடுப்பில்தான் தொங்கும். மரிய ஜோசப் பங்குப் பேரவைத் தலைவர். துபாயில் இருக்கிற மகனைச் சொல்லி தரை முழுக்கப் பளபளவென்று டைல்ஸ் போட்டுக் கொடுத்தவர். போட்ட நாளிலிருந்து ஈரக்காலோடு வந்து விழாத ஆள் இல்லை.

வீட்டில் சின்னையன் பக்கத்தில் மகள் ஆரோக்கிய அனிதா இருந்தாள். சிதம்பரத்தில் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறவள். லீவு போட்டு வந்திருந்தாள். ராத்திரியெல்லாம் தண்ணீர் கேட்டான், கொடுத்தார்கள். கொடுத்த தண்ணீர் இறங்காமல் கடைவாயில் வழிந்தது.

மூன்று மணிக்கு மேல் வேன் வந்தது. வாசிக்கிற பெண் பெயர் மேரி ஷாலினி. சொல்தா வீட்டுப் பெண். பாட்டன் பிரெஞ்சு பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கினவர். அந்தப் பாட்டன் எந்தத் தெருவிலிருந்து கப்பல் ஏறினார் என்று ஊரில் யாரும் கேட்கவில்லை. பிரான்சு பாஸ்போர்ட்டில் ஊர்த் தெரு, கீழத்தெரு என்று போடுவதில்லை. கூட வந்தவன் சகாய ஆனந்த், கிட்டார்க்காரன். ஒல்லியாக, வாய் ஓயாமல் பேசுகிறவன். ஷாலினி பெட்டியைத் திறந்து ஆள் உயரத்துக்கு ஒரு வாத்தியத்தை வெளியே எடுத்தாள்.

"இன்னாது பாப்பா இது, வயலினுக்கு அப்பனா?" என்றாள் சவரிமேரி, துடைப்பத்தைப் பிடித்தபடி.

ஷாலினி சிரித்துவிட்டாள். "அப்பன்தான்க்கா. செல்லோன்னு பேரு. மடியில வக்க முடியாது, தரையில நிக்கணும். பாருங்க, அடியில முள்ளு இருக்குது."

முள் இருந்தது. நிற்கத்தான் இடமில்லை. பீடத்துக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து வில்லை ஒரு சாண் இழுத்தாள். வாத்தியம் ஒரு முழம் வழுக்கியது. பாயைப் போட்டார்கள், பாயோடு சேர்ந்து வழுக்கியது. கோணியை மடித்துப் போட்டார்கள், முள் கோணியைத் துளைத்துக்கொண்டு டைல்ஸில் கிறீச்சிட்டது.

"முள்ளுக்குப் போடற ரப்பர பாண்டியிலயே வச்சிட்டு வந்துட்டேன் சாமி. ஒரு மரப்பலகை இருந்தாப் போதும். நாற்காலியும் இதுவும் நிக்கற அளவுக்கு," என்றாள் ஷாலினி.

"அதுக்கென்ன? சவரிமேரி, ஏதாச்சும் பலகை இருந்தா எடுத்துட்டு வாம்மா," என்றார் சாமி, மைக்செட் ஒயரை அவிழ்த்துக்கொண்டே.

ஏதாச்சும் பலகை. அந்தக் கோயிலில் மரம் என்று இருந்ததையெல்லாம் கறையான் தின்று தீர்த்தாயிற்று. நாற்காலி பிளாஸ்டிக், மேசை இரும்பு, பீடம் சலவைக்கல். சவரிமேரி சாமியார் வீட்டுப் பின்னால் ஒரு சுற்று, மாட்டுக்கொட்டகையில் ஒரு சுற்று சுற்றிவிட்டு, கடைசியில் மணிக்கூண்டுக்குக் கீழே இருந்த அறை வாசலில் வந்து நின்றாள். அந்த அறையில் ஒரே ஒரு பலகை இருந்தது.

பூட்டைத் திறந்தாள். தூம்பா கருப்புத் துணி போர்த்தி நின்றது. கூட்டுகிறபோதெல்லாம் அதைச் சுற்றித்தான் கூட்டுவாள், கை வைத்ததில்லை. துணியை விலக்கிப் பலகையில் உள்ளங்கையை வைத்தாள். கன்னம் மாதிரி வழவழவென்று இருந்தது. தலைமாட்டிலிருந்து கால்மாட்டுக்குச் சாண் போட்டு அளந்தாள். சின்னையன் என்ன உயரமோ அதற்குத் தாராளமாக இருந்தது.

அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. சாமியே பலகை கேட்டார். சாமி சொல்லி, ஊரும் கீழத்தெருவும் கூடியிருக்கிற இடத்தில், இந்தப் பலகை ஒரு தடவை வேறு வேலைக்கு வெளியே வந்து, எவனும் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டால்? கட்டின மாடு ஒரு தடவை அவிழ்த்துக்கொண்டால் அப்புறம் முளைக்குப் பயப்படாது. வழக்கமும் அப்படித்தானே? வாத்தியம் ஏறின பலகையில் மனுஷன் ஏறினால் என்ன? அவள் அப்படித்தான் நினைத்தாள். பைத்தியக்காரி. வழக்கம் மாடா என்ன?

சேலைத் தலைப்பைச் சும்மாடாகச் சுற்றிக்கொண்டு, பலகையைச் சாய்த்து எடுத்துத் தலையில் ஏற்றினாள். கழுத்து நெரிந்தது. கோயிலுக்குள் கொண்டுவந்து பீடத்துக்கு முன்னால் இறக்கினபோது ஷாலினி, "ஐயோ, எவ்ளோ நல்ல தேக்கு! இதுதான்க்கா வேணும்" என்று முள்ளை ஊன்றினாள். முள் நறுக்கென்று இறங்கி நின்றது. சாமி திரும்பிப் பார்த்தார். அது என்ன பலகை என்று அவருக்குத் தெரிந்ததா இல்லையா என்று சவரிமேரிக்குக் கடைசிவரை தெரியவில்லை. அவர் மறுபடி ஒயர் பக்கம் குனிந்துகொண்டார்.

ஐந்து மணிக்குக் கோயில் நிறைந்துவிட்டது. முன்னால் ஊர்ச் சனம் நாற்காலியில்; பின்னால் கீழத்தெருச் சனம் டைல்ஸில். சவரிமேரி கடைசித் தூணில் சாய்ந்து உட்கார்ந்தாள். சாமி மணிக்கூண்டில் கட்டியிருந்த கூம்பு ஸ்பீக்கரையும் போட்டுவிட்டிருந்தார், வர முடியாதவர்களுக்கும் கேட்கட்டும் என்று.

ஆனந்த் முதலில் கிட்டாரில் ஒற்றை ஒற்றையாக மீட்டினான். அப்புறம் ஷாலினி வில்லை இழுத்தாள். வாயை மூடிக்கொண்டு ஒரு ஆம்பளை அழுகிற சத்தம் வந்தது. ராத்திரி ராத்திரி சின்னையன் மகள் எழுந்துவிடக் கூடாதென்று பல்லைக் கடித்து முனகுவானே, அந்தச் சத்தம். அதற்குப் பக்கத்தில் கிட்டார், 'இருக்கட்டும், இருக்கட்டும்' என்று சொல்கிற மாதிரி விட்டுவிட்டுக் கூடவே வந்தது. பாட்டு புரியவில்லை. ஆனால் முன்வரிசையில் கொட்டாவி விட்டவர்களைப் பார்த்து அவளுக்குக் கோபம் வந்தது. செத்தவனுக்கு அழுகிறதைக் கேட்டுக் கொட்டாவி விடுவார்களா?

மூன்றாவது பாட்டிலோ என்னவோ மரிய ஜோசப் சற்று முன்னால் சாய்ந்தார். பார்வை ஷாலினியின் கையில் இல்லை, காலில் இருந்தது. பலகையின் இரண்டு பக்கமும் இரும்பு வளையம் மாட்டுகிற துளைகள் வெளிச்சத்தில் நன்றாகத் தெரிந்தன. தன் அப்பனையும் பெண்டாட்டியையும் அந்தப் பலகையில் அனுப்பியவர் அவர். பக்கத்திலிருந்தவர் காதில் என்னவோ சொன்னார். அது அடுத்த காதுக்குப் போயிற்று, முன்வரிசை முழுக்கப் போயிற்று. அப்புறம் மரிய ஜோசப் மெதுவாகத் திரும்பி, அத்தனை தலைகளுக்கும் மேலே தேடி, கடைசித் தூணைப் பார்த்தார்.

சவரிமேரி பார்வையை விலக்கவில்லை. யாரும் எழுந்திருக்கவில்லை. யாரும் வாத்தியத்தை நிறுத்தச் சொல்லவில்லை. ஒத்துக்கொண்டார்கள் என்றுதான் அவள் நினைத்தாள்.

அந்த நேரம் பார்த்து இடுப்பில் செருகியிருந்த போன் துடித்தது. வெளியே ஓடி எடுத்தாள்.

"யம்மா, அப்பா ஒரு மாதிரி மூச்சு வாங்குறாரு. ஓடியா," என்றாள் அனிதா.

வயல் வரப்பில் குறுக்கே ஓடினாள். கூம்பு ஸ்பீக்கர் அவள் பின்னாலேயே வந்தது. வீட்டு வாசல்வரை வந்தது, கட்டில்வரைக்கும் வந்தது. சின்னையனின் கண் பாதி திறந்திருந்தது. நெஞ்சு மட்டும் ஏறி ஏறி இறங்கியது.

"யோவ், நான்தான்யா."

"இன்னா சத்தம் மேரி அது?"

"கச்சேரி. பாண்டியிலேர்ந்து வந்து வாசிக்கிறாங்க. கேளு, உன் பலகமேல உக்காந்துதான் வாசிக்கிறாங்க."

"எந்தப் பலக?"

"தூம்பாப் பலக. நான்தான் தூக்கியாந்து போட்டேன், என் தலையில வச்சி. ஊரே பாத்துச்சி, ஒரு பய வாயத் தொறக்கல."

அவன் முகத்தில் என்னவோ அசைந்தது. சிரிப்புதான். "எடுபட்டவளே," என்றான். கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் போய்வந்தது. "சாமி இன்னா சொன்னாரு?"

அனிதா அம்மாவைப் பார்த்தாள். சவரிமேரி அவன் நெற்றியில் கை வைத்தாள்.

"சரின்னுட்டாருய்யா. தூம்பாவுலதான் போற."

"சத்தியமா?"

"சூசையப்பர் சாட்சியா."

"தண்ணி குடு."

சொம்போடு எடுத்து வந்தாள். இரண்டு வாய் உள்ளே போயிற்று. மூன்றாவது வாய் வெளியே வந்தது. அப்புறம் வரவுமில்லை, போகவுமில்லை. ஸ்பீக்கரில் ஜனங்கள் கைதட்டுகிற சத்தம் கேட்டது.

அனிதா அப்பா மார்மேல் விழுந்து கதறினாள். சவரிமேரிக்கு அழுகை வரவில்லை. பொய்ச் சத்தியம் பண்ணின வாய் கசந்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் ஓடிவந்ததும், மகளை அவர்களிடம் விட்டுவிட்டு, அவிழ்ந்த கொண்டையை முடிந்துகொண்டு, வந்த வரப்பிலேயே திரும்பி நடந்தாள். சொன்ன பொய்யை இருட்டுவதற்குள் மெய்யாக்கியாக வேண்டும்.

கோயில் வாசலில் எல்லாரும் கேசரியும் போண்டாவும் தின்றுகொண்டிருந்தார்கள். ஊர் ஆட்கள் சிலர் மட்டும் உள்ளே, பலகையைச் சுற்றி நின்றார்கள். ஷாலினி வாத்தியத்தைப் பெட்டியில் வைத்து மூடிக்கொண்டிருந்தாள். சவரிமேரி நேரே சாமி முன்னால் போய் நின்றாள்.

"சாமி, அவரு போய்ட்டாரு."

"ஐயோ," என்று சாமி சிலுவை போட்டுக்கொண்டார். "எப்பம்மா?"

"இப்பதான். நீங்க கச்சேரி முடியட்டும்னீங்க. முடிஞ்சிடுச்சி. தூம்பா குடுங்க."

மரிய ஜோசப் தொண்டையைச் செருமினார்.

"சவரிமேரி, சின்னையன் நல்ல ஒழைப்பாளி. எங்களுக்கும் வருத்தந்தான். ஆனா நீ பண்ணது சரியா சொல்லு. யாரக் கேட்டுத் தூம்பா அறையத் தொறந்த?"

"சாமி பலக கேட்டாரு, எடுத்தாந்தேன்."

"சாமி ஏதாச்சும் பலகன்னுதான் சொல்லியிருப்பாரு."

"வேற ஏது பலக இருக்குது இந்தக் கோயில்ல? காட்டுங்க ஐயா, எடுத்தாரேன்."

மரிய ஜோசப் சாமியைப் பார்த்தார். சாமி டைல்ஸைப் பார்த்தார்.

"அந்தப் பாப்பா நாற்காலி போட்டு உக்காந்துச்சி, செருப்போட கால வச்சிச்சி. அப்ப வாய மூடிக்கினு கேட்டீங்கல்ல ஐயா? அப்ப வாத்தியம் நிக்கலாம், என் புருசன் படுக்கக் கூடாதா? உங்க அப்பாருக்குக் குழி வெட்டுனவன் அவன். உங்க வூட்டம்மாவப் பொட்டியோட நெஞ்சுல தாங்கி எறக்குனவன் அவன்."

"அத இல்லன்னு சொல்லல. வழக்கம்னு ஒண்ணு இருக்குதுல்ல? நான் ஒருத்தன் மாத்தறதா?"

ஷாலினி முகம் வெளுத்துப்போய் எழுந்து வந்தாள். "இது... இது அந்தப் பலகையா? எனக்குத் தெரியாதுங்க. முள்ளு வேற குத்தி ஓட்டை விழுந்துடுச்சி. நான் புதுசா செஞ்சு குடுத்துடறேன்."

ஓட்டை என்றதும் எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். பலகை நடுவில் உளுந்து அளவுக்கு ஒரு குழி. மரிய ஜோசப் அதைப் பார்த்தார், சவரிமேரியின் தலையைப் பார்த்தார், தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு மாதா சுரூபம் பக்கம் ஒதுங்கினார். கொஞ்ச நேரம் குசுகுசுவென்று பேசினார்கள். திரும்பி வந்தபோது அவர் குரல் இளகியிருந்தது. அதுதான் சவரிமேரிக்குப் பயமாக இருந்தது.

"சாமி, சண்ட வேணாம். அந்தப் பலகய அதையே எடுத்துக்கினு போவச் சொல்லுங்க. ஓட்ட விழுந்தாச்சி, கண்டவங்க தூக்கியாச்சி, இனிமே அது ஊருக்கு ஆவாது. பலகய மட்டும். கூண்டு, கைப்பிடியெல்லாம் இருக்கட்டும், நாங்க வேற பலக போட்டுக்கறோம்."

சாமியின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "பாத்தியாம்மா, கடவுளே வழி விட்டுட்டாரு. கேட்டது கெடச்சிடுச்சி பாரு," என்றார். அந்த மனுஷருக்கு உண்மையாகவே சந்தோஷம். அதை என்னவென்று சொல்ல?

சவரிமேரி குனிந்து பலகையின் ஒரு முனையைத் தூக்கினாள். மறுமுனையை ஆனந்த் பிடித்துக்கொண்டான், வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. இருட்டத் தொடங்கியிருந்த வரப்பில் இரண்டு பேரும் முன்னும் பின்னுமாக நடந்தார்கள்.

"எப்டியோ, கெடச்சிடுச்சே அக்கா," என்றான் அவன் பின்னாலிருந்து. எதையாவது சொல்லியாக வேண்டும் என்று சொன்னது.

"தம்பி, நீ பெரிய வூட்டுல பழஞ்சோறு வாங்கியிருக்கியா?"

"இல்லக்கா."

"வாங்குனாத் தெரியும். ஊசிப்போனப்பறந்தான் கூப்புடுவாங்க."

வீடு வந்ததும் அவன் பலகையை வேலியோரம் சாத்திவிட்டு, சின்னையன் காலைத் தொட்டுக் கும்பிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனான்.

விடியற்காலை சவரிமேரியின் தம்பி சேரன் காட்டுமன்னார்கோயிலிலிருந்து வந்து சேர்ந்தான். வந்த கையோடு தெருப் பையன்களைக் கூட்டிப்போய்ச் சுவருக்கு இந்தாண்டைப் பக்கம் குழி வெட்டிவிட்டு வந்தான். மாமாவின் கடப்பாரையால்தான் வெட்டினான். களிமண் இறுகிக் கிடந்ததாம், கை கொப்பளித்துவிட்டது. பாடைக்கு மூங்கில் பிளக்க உட்கார்ந்தவன் வேலியோரம் பலகையைப் பார்த்தான்.

"அதான் பலக இருக்குதேக்கா. ரெண்டு பக்கமும் மூங்கிலக் குடுத்துக் கட்டிட்டா தூம்பா மாதிரி ஆயிடும். மாமா ஆசப்பட்டாருன்னு அனிதா சொல்லுச்சே."

"அவரு ஆசப்பட்டது இது இல்லடா."

"எதுவா இருந்தா இன்னா? தானம் குடுத்த மாட்டப் பல்லப் புடிச்சிப் பாக்காதக்கா."

"நல்ல மாட்ட எவன்டா தானம் குடுத்தான் நமக்கு?"

அவள் எழுந்து போய்ப் பலகையைப் புரட்டிப் போட்டாள். அடியில் சிலுவை இருந்தது. ஒரு முழ நீளம், தேய்ந்துபோன சிலுவை. கோடுகளில் கல்லறைக் களிமண் அப்பிக் காய்ந்திருந்தது. நோயாளி என்னவோ உளறுகிறான் என்றுதான் அவள் பாதி நினைத்திருந்தாள். விரலால் தொட்டு உதட்டில் வைத்து முத்திக்கொண்டாள். அப்போதுதான் அழுகை வந்தது. பெருங்குரலெடுத்து அழுதாள். "பாத்துக்கினே இருந்தியேய்யா, அண்ணாந்து பாத்துக்கினே இருந்தியே" என்று மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். தெருப் பெண்கள் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.

அழுது முடித்து மூக்கைச் சிந்தினாள். கூரை இறவாணத்தில் செருகியிருந்த கோடாலியை எடுத்தாள்.

"யம்மா! சிலுவ இருக்குதும்மா அதுல!" என்று அனிதா ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

"இருக்கட்டும். அத அவரு பாத்துட்டாரு. வேற எவனும் பாக்க வேணாம்."

தேக்கு சுலபத்தில் பிளக்கவில்லை. சேரன் கேட்டும் கொடுக்காமல் அவளே வெட்டினாள். கொல்லையில் மூன்று கல்லைக் கூட்டி, கல்யாணத்துக்கு எடுக்கிற பெரிய அண்டாவை ஏற்றி, விளிம்புவரை தண்ணீர் நிரப்பினாள். காய்ந்த தேக்கு பிடித்துக்கொண்டதும் நின்று எரிந்தது.

ஜேக்கப் சாமி வெள்ளை அங்கியோடும் தீர்த்தக் குப்பியோடும் வந்தார். கட்டில் பக்கம் நின்று செபம் சொன்னார். சொல்லிவிட்டு வாசலையும் வேலியையும் பார்த்தார்.

"பலகை எங்கம்மா? பொணம் ஏத்தறதுக்கு முன்னாடி மந்திரிச்சிக் குடுத்துடலாம்னு வந்தேன்."

சவரிமேரி அடுப்பைக் காட்டினாள். சாமி பார்த்தார். கொஞ்ச நேரம் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் கண்ணாடியைக் கழற்றினார், துடைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"என்னம்மா இப்டிப் பண்ணிட்ட?"

"அவரக் குளிப்பாட்டணும்ல சாமி, வென்னீர் வச்சிருக்கேன். மந்திரிக்கிறதுன்னா தண்ணிய மந்திரிங்க."

சாமி நகரவில்லை. அவருக்காகக் காத்திருக்க அவளுக்கு நேரமில்லை. சேரனும் இன்னொருத்தனும் அண்டாவைக் காதுகளில் துணி சுற்றி இறக்கிக் கொண்டுவந்து கட்டில் பக்கத்தில் வைத்தார்கள். பச்சைத் தண்ணீர் கலந்து விளாவி, புறங்கையால் சூடு பார்த்தாள்.

"ரெண்டு வருசமா டம்ளர்ல ஊத்துனேன்யா உனுக்கு," என்றாள் சின்னையனிடம்.

சொம்பு நிறைய முகந்து அவன் தலையில் ஊற்றினாள். அளக்கவில்லை.